ஆடாத பாலத்துக்கு ஒரு சான்றிதழ்

நம்பகத்தன்மை மையத்துக்குள் இதுவரை ஒரு பாலமும் விழுந்ததில்லை. வெளியே சில விழுந்திருக்கின்றன. அவை மையத்தின் பொறுப்பில் வராதவை என்று வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் பெண்மணியே சொல்லிவிடுவார், நீங்கள் கேட்காமலேயே.

மையத்தின் வேலை என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது என்று நினைப்பீர்கள். இந்தக் காலத்தில் யாரும் பாலத்தை எடுத்த எடுப்பில் கட்டிவிடுவதில்லை. முதலில் கணினிக்குள் கட்டுகிறார்கள். பாலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, வலை போலப் பின்னி, அதன்மேல் ஆட்களை நடக்கவிட்டு, எங்கே வளையும், எங்கே விரிசல் விடும் என்று பார்க்கிறார்கள். இதற்குச் சிமுலேஷன் என்று பெயர். கடைசியில் கணினி ஒரு வண்ணப்படம் தரும். நீலம் என்றால் நிம்மதி, சிவப்பு என்றால் சங்கடம். அந்தப் படத்தை நம்பலாமா கூடாதா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா? அதுதான் மையம். மையம் நம்பினால் எல்லோரும் நம்பியாக வேண்டும்.

இப்படிக் கணினியில் வலை பின்னுகிற ஒருவர்தான் நம் ஆள். ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்க்கிறவர்கள் விளையாட்டாக வலைக்காரர் என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால், மிதித்தவரிடம் இவர் மன்னிப்புக் கேட்பார். அவ்வளவு சாது.

அவர் கணக்குப் போட்டுக் கொடுத்த பாலங்களில் ஒன்று ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பழைய கட்டடத்தில் வார்டுகள், புதிய கட்டடத்தில் ஆபரேஷன் தியேட்டர். இரண்டையும் மாடி உயரத்தில் இணைக்கிற, கூரை போட்ட நடைபாலம் அது. நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் வைத்து அதன் வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போவார்கள். தள்ளுகிறவர்களில் ஒருத்தி வலைக்காரரின் மனைவி. அங்கே அவள் நர்ஸ்.

பாலம் திறந்து கொஞ்ச நாள் ஆனதும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்.

"என்னங்க, உங்க பாலம் ஆடுது."

"எல்லாப் பாலமும் கொஞ்சம் ஆடும்."

"கொஞ்சமெல்லாம் இல்ல. சாப்பாட்டு வண்டி ரெண்டும் ஒண்ணா வந்தா ஸ்ட்ரெச்சர் தானா நகருது. நான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். படுத்திருக்கிற ஆளு, 'ஏம்மா, வண்டியில பிரேக் இல்லையா'ன்னு கேக்கிறாரு."

மறுநாள் மதியம் வலைக்காரர் போய்ப் பாலத்தின் நடுவில் நின்றார். சாப்பாட்டு வண்டிகள் வந்தன. தட்டுகள் கலகலத்தன. அவர் கீழே இறங்கிப் போய் அண்ணாந்து பார்த்தார். புதிய கட்டடத்துப் பக்கம் பாலத்தின் நுனி ஓர் இரும்புத் தாங்கியின்மேல் உட்கார்ந்திருந்தது. தாங்கியைத் தூணோடு பற்றவைத்திருந்த மூலையில் பெயின்ட் பொரிந்து, மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது.

ஆபீசுக்கு வந்து கணினியைத் திறந்தார். அந்த மூலையில் மட்டும் வலையை நெருக்கமாகப் பின்னிப் பார்த்தார். ஒரு சிமுலேஷன் யோக்கியமானதா என்று தெரிந்துகொள்ள இது பழைய வழி. வலையை நெருக்க நெருக்க விடை ஓரிடத்தில் வந்து அடங்கிவிட வேண்டும், அழுத குழந்தை தூங்குவது போல. இது அடங்கவில்லை. நெருக்கியபோதெல்லாம் ஏறிக்கொண்டே போனது. அந்த மூலை எவ்வளவு தாங்கும் என்று தன் கணக்குக்கே தெரியவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. எனக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் புரியும், ஆனால் ஏறிக்கொண்டே போகிற எதுவும் நல்லதல்ல என்பது புரிகிறது.

ஆஸ்பத்திரியின் கட்டட இஞ்சினியரைப் பார்த்தார். நல்ல மனிதர், கூரையில் ஒழுகுகிற தண்ணீரைப் பார்த்துப் பார்த்து முகமே மேல்நோக்கிப் போனவர்.

"கீழ ஒரு இரும்புக் கால் நட்டு முட்டுக் கொடுத்தா போதும் சார். ஒரு மதியம் வேலை," என்றார் கட்டட இஞ்சினியர். "ஆனா மையம் சரின்னு சொன்ன பாலத்துக்கு நான் எப்படி முட்டுக் கொடுக்கிறது? 'அவங்களைவிட உனக்கு அதிகமா தெரியுமா'ன்னு கேப்பாங்க. மையத்துல ஒரே ஒரு வார்த்தை வாங்கிட்டு வாங்க. 'சந்தேகம்'னு. அந்த வார்த்தை போதும், அன்னிக்கே நட்டுடறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கால் நடவேண்டிய இடத்துல தலைமை மருத்துவரோட கார் நிக்குது. அதுக்கும் சேர்த்து அந்த வார்த்தை வேணும்."

கீழே எட்டிப் பார்த்தார் வலைக்காரர். 'தலைமை மருத்துவருக்கு மட்டும்' என்று பலகை இருந்தது. கார் இல்லை. பாலம் ஆடுவதாகப் பேச்சு வந்ததிலிருந்து தலைமை மருத்துவர் காரைக் கொஞ்சம் தள்ளி மர நிழலில்தான் நிறுத்துகிறாராம். ஆனால் இடம் அவருடையது.

ஆக, வலைக்காரருக்கு மையத்திலிருந்து வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அது கிடைக்கிறவரை அவர் மனைவி அந்தப் பாலத்தின்மேல் நாளெல்லாம் நடந்தாக வேண்டும்.

மையத்தில் இரண்டு பிரிவுகள். கணக்கைக் கணக்காகச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது சரிபார்ப்புப் பிரிவு. அந்தக் கணக்கு வெளியுலகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது மெய்ப்பார்ப்புப் பிரிவு. ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழக்கூடாது என்பதற்காக நடுவில் ஒரு நீளமான தாழ்வாரம் விட்டிருந்தார்கள். சரிபார்ப்பின் தலைவி ஓர் அம்மாள், மெய்ப்பார்ப்பின் தலைவர் ஒரு பெரியவர். முன்பெல்லாம் இருவருக்கும் ஏழாம் பொருத்தமாக இருந்ததாம். பிறகு அம்மாளின் பெண்ணை இவர் பையனுக்குக் கொடுத்துச் சம்பந்தி ஆனார்கள். அன்றிலிருந்து இரண்டு பிரிவுகளின் முடிவுகளும் வேறுபட்டதே இல்லை.

சரிபார்ப்பு அம்மாள் வலைக்காரரை அன்பாக உட்காரவைத்தார். திரையில் இருந்த சிவப்பு மூலையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இந்த இடத்துல ஏங்க இவ்வளவு நெருக்கமா வலை போட்டீங்க?"

"அங்க ஏதோ தப்பா இருக்குன்னு தோணுச்சும்மா."

"பாத்தீங்களா? தேடிக்கிட்டுப் போனா கிடைக்கத்தான் செய்யும். அதனாலதான் ரொம்ப நெருக்காதீங்கன்னு புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு முதல் நாளே சொல்லிடறோம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க கணக்கை நாங்க சும்மா விட்டுடல. சுயேச்சையா இன்னொருத்தரை வெச்சும் போட்டுப் பாத்தோம். வேற ஆளு, வேற ரூம், வேற கம்ப்யூட்டர். எட்டாவது தசமம் வரைக்கும் அப்படியே வந்துச்சு."

"அவர் எந்த முறையில போட்டார்?"

"உங்க ஃபைலையேதான் காப்பி பண்ணிக் கொடுத்தோம். பேரை மட்டும் மாத்தினோம். இல்லன்னா சுயேச்சையா இருக்காதே."

வலைக்காரர் வாயைத் திறந்தார். அம்மாள் அதற்குள் மவுஸைப் பிடித்து நிறங்களின் அளவுகோலுக்குப் போனார். சிவப்பு எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்கிற இடத்தில் இன்னும் பெரிய எண்ணாக ஒன்றைப் போட்டார். மூலை மஞ்சளாகி, பச்சையாகி, கடைசியில் பாலம் முழுக்க நீலமாயிற்று.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார், பெண்ணுக்குப் புடவை கட்டிப் பார்க்கிற தாயைப் போல.

"நீலமா இருக்கு."

"அவ்வளவுதாங்க விஷயம். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. இதுக்கு மேல உங்களுக்கு ஏதாவது இருந்தா அது வெளியுலக விஷயம். எங்க சம்பந்தியைப் பாருங்க."

வலைக்காரர் தாழ்வாரத்தைக் கடந்து போனார். மெய்ப்பார்ப்புப் பெரியவர் உற்சாகமான மனிதர். பாலம் ஆடுகிறது என்று கேட்டதும் எழுந்து கைகொடுத்தார்.

"ஆடட்டும் சார்! எவ்வளவு ஆடுதுன்னு அளந்துடுவோம். அளக்காம பேசறது எங்களுக்குப் பிடிக்காது."

சொன்னபடியே ஆட்களோடு வந்து பாலத்துக்கு அடியில் அதிர்வு அளவி ஒன்றைப் பொருத்தினார்கள். வலைக்காரருக்கு உயிர் வந்தது. இயந்திரம் பொய் சொல்லாதே. அடுத்த வாரம் ஆசையாகப் போய்ப் பார்த்தார்.

"பிரமாதம் சார். கணக்கும் அளவும் அச்சு அசலா ஒத்துப்போகுது," என்றார் பெரியவர்.

"எப்படி? நான் நின்னு பாத்தேனே. நல்லா ஆடுச்சே."

"முதல்ல எங்களுக்கும் அப்படித்தான் காட்டுச்சு. கணக்கு சொன்னதைவிடப் பல மடங்கு. பயந்தே போயிட்டோம். அப்புறம்தான் தெரிஞ்சுது, அளவியில கோளாறு. திருகைத் திருகிக் கணக்கோட ஒத்துப்போற வரைக்கும் குறைச்சு வெச்சோம். இப்ப சரியா காட்டுது."

"கணக்கைச் சரிபாக்கத்தானே சார் அளவி?"

"ஆமா."

"அளவியைக் கணக்கை வெச்சுச் சரிபண்ணினா...?"

பெரியவர் அவரைப் பரிவோடு பார்த்தார். "வேற எதை வெச்சுச் சரிபண்றது, சொல்லுங்க? சரின்னு ஏற்கெனவே சான்றிதழ் வாங்கினது உங்க கணக்கு ஒண்ணுதான். நீங்களே உங்களை நம்பலன்னா எப்படி?"

வலைக்காரர் சாப்பாட்டு வண்டிகளைப் பற்றிக் கேட்டார். பெரியவர் தலையை ஆட்டினார்.

"உங்க கணக்குல யார் நடக்கறாங்க? சராசரி மனிதர். ஒரு வேகத்துல, தனித்தனியா, கையில பை இல்லாம. சாப்பாட்டு வண்டின்னு ஒண்ணு உங்க கணக்குலயே இல்லையே. அப்ப தப்பு யார் மேல? வண்டி மேல. அதுக்கும் நாங்களே வழி பண்றோம்."

வழி பண்ணினார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு நடைப்பயிற்சி வகுப்பு வைத்தார்கள். கணினிக்குள் இருக்கும் சராசரி மனிதர் எப்படி நடக்கிறாரோ அப்படியே எல்லோரும் நடக்க வேண்டும். ஒருவர் அடியோடு மற்றவர் அடி சேரக்கூடாது. அவசரப்படக்கூடாது, நிற்கக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. நர்சுகள் கால் மாற்றிக் கால் வைத்துப் பழகினார்கள். சாப்பாட்டு வண்டி தள்ளுகிற இரண்டு பெண்களும், அடி சேர்ந்துவிடுமோ என்கிற பயத்தில் ஒரு எட்டு வைத்து ஒரு மூச்சு நின்று, குடித்துவிட்டு வருகிறவர்களைப் போல வந்தார்கள். வாந்தி எடுத்த ஒரு நோயாளியின் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் தியேட்டருக்கு ஓடிய மகனை, பயிற்சி பெறாதவர் என்று பாலத்தின் வாசலிலேயே நிறுத்தி, நடந்து காட்டச் சொன்னார்கள்.

வலைக்காரரின் மனைவி வீட்டுக்குள்ளும் அப்படி நடக்க ஆரம்பித்தாள்.

"இங்கயுமா?"

"பழகிப் போச்சுங்க. மாத்தி மாத்தி நடந்தா மறந்துடும்." பிறகு சொன்னாள், "ஆடறது நிக்கல. ஆடுதுன்னு சொன்னா மட்டும், 'நீ சரியா நடக்கலை'ங்கறாங்க."

"லீவு போட்டுடு."

"எல்லாரும் லீவு போட்டா ஸ்ட்ரெச்சரை யாரு தள்றது?"

அவருக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து படுத்தார்.

ஒரு மதியம் வார்டில் பசி மிஞ்சி நோயாளிகள் தட்டுகளைத் தட்டத் தொடங்கினார்கள். வண்டிக்காரப் பெண்கள் பயிற்சியை மறந்து, மனிதர்கள் நடப்பது போல நடந்துவிட்டார்கள். எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்த வலைக்காரரின் மனைவி, புதிய கட்டடத்தின் வாசலுக்கு ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்திருந்தாள். தாங்கியின் மூலை விட்டுப்போயிற்று. பாலத்தின் நுனி சாண் அளவு இறங்கி, சுவரின் விளிம்பில் சிக்கி நின்றது. ஸ்ட்ரெச்சர் சரிந்து ஓடியது. அவள் விடவில்லை. ஸ்ட்ரெச்சரின் இரும்புச் சட்டத்துக்கும் கதவு நிலைக்கும் நடுவில் அவளுடைய வலது மணிக்கட்டு அகப்பட்டுக்கொண்டது.

நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மயக்க மருந்தில் இருந்தார். இன்றைக்கும் அவருக்கு விஷயம் தெரியாது.

வலைக்காரர் ஓடி வந்தபோது கட்டுப் போட்டிருந்தார்கள். எலும்பு நொறுங்கிவிட்டது, கூடிவிடும், ஆனால் விரல்களில் உணர்ச்சி திரும்புமா என்று சொல்ல முடியாது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவதை மறந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். வலைக்காரர் தலையை ஆட்டினார். மாதச் சம்பளத் தேதியைச் சொன்னாலும் அப்படித்தான் ஆட்டியிருப்பார்.

"நான் விட்டிருந்தா அந்த ஆளு போயிருப்பாருங்க," என்றாள் மனைவி.

"தெரியும்."

"என்மேல கோபமா?"

"இல்ல."

"அவங்க மேல?"

யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியல," என்றார். அது உண்மை. உள்ளே கையை விட்டுத் துழாவியது போலப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை.

மையம் அவசரக் கூட்டம் கூட்டியது. கணக்குப் போட்டவர் என்கிற முறையில் வலைக்காரரையும் அழைத்திருந்தார்கள். தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. இயக்குநர் எழுந்தார்.

"ஒண்ணு தெளிவா இருக்கணும். நாம யாரும் பாலம் சரின்னு சொல்லல. பாலத்தோட கணக்கு சரின்னு சொன்னோம். கணக்கு இன்னிக்கும் சரியாத்தான் இருக்கு. பாலம்தான் மாறிப்போச்சு. அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? இந்த மையத்தோட சரித்திரத்துல கணக்கும் அளவும் ஒத்துப்போகாம இருந்ததே கிடையாது. வேற எந்த மையமாவது இப்படி நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்! மத்தவங்க இன்னும் நேர்ல போய்ப் பாத்துக்கிட்டிருக்காங்க. பாத்தா சந்தேகம் வரத்தான் செய்யும். நாம அந்தக் கட்டத்தையெல்லாம் தாண்டி வந்துட்டோம்."

கைதட்டினார்கள். மெய்ப்பார்ப்புப் பெரியவர் அளவியின் வரைபடத்தைக் காட்டினார். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நேரத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது. கதவு சாத்தினால் வருகிற அதிர்வு என்றார்.

இயக்குநர் வலைக்காரரின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்க கணக்குல பாலம் இறங்குதா?"

"இல்ல."

"அளவி காட்டுதா?"

"இல்ல. ஆனா சார், என் மனைவி கை உடைஞ்சிருக்கு."

பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது. சரிபார்ப்பு அம்மாளின் கண் உண்மையாகவே கலங்கியது.

"கேட்டதுலேருந்து மனசே சரியில்லைங்க. நானும் பொண்ணு பெத்தவதான். ஆனா பாருங்க, அது ஒரு புள்ளி. வரைபடத்துல மத்த எல்லாப் புள்ளியும் ஒரு பக்கம் இருக்கு, இது மட்டும் தன்னந்தனியா எங்கேயோ இருக்கு."

"ஒரு புள்ளியை வெச்சுக் கோடு போட முடியாதில்ல, சம்பந்தி சொல்றது சரிதான்," என்றார் பெரியவர். "குறைஞ்சது மூணாவது வேணும்."

"இன்னும் ரெண்டு பேருக்கு அடிபடணுமா?"

"ஐயையோ, அப்படிச் சொல்லுவோமா! தரவு வந்தா மறுபரிசீலனை பண்றோம்னு சொல்றோம். தரவு வரணும்னா பாலத்துல ஆள் நடமாட்டம் இருக்கணும். அதனால திறந்துடலாம்."

தன்னந்தனியாக நின்ற அந்தப் புள்ளியை வரைபடத்திலிருந்து நீக்கினார்கள். வரைபடம் அழகாகிவிட்டது. இறங்கிய நுனிக்குக் கீழே தற்காலிகமாக ஒரு ஜாக்கியை வைத்துத் தூக்கிவிட்டு, பாலத்தைத் திறக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்குத் தகவல் போயிற்று.

வலைக்காரர் அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். பழைய கட்டடத்துப் பக்கம் பாலத்தின் தொடக்கத்தில், குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்தீர்கள் என்று பின்னால் பலர் கேட்டார்கள். கால் வலித்தது என்றார். அவர் உட்கார்ந்தால் ஸ்ட்ரெச்சர் போக இடமிருக்காது. காவலாளி வந்து பார்த்தார், கையுடைந்த நர்சின் வீட்டுக்காரர் என்று தெரிந்ததும் தூக்கவில்லை. கீழே பூட்டிக் கிடந்த பழைய வாசலைத் திறந்துவிட்டார். ஸ்ட்ரெச்சர்கள் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் தாமதமாக, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் மெய்ப்பார்ப்புப் பெரியவர் அளவியைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"சார், என்ன பண்ணினீங்க? அதிர்வு சுத்தமா இல்ல! கணக்கு சொன்னதைவிட நல்லா நிக்குது!"

"யாரும் நடக்கல சார். அதான்."

"அது வேற விஷயம். நீங்க உட்கார்ந்தீங்க, ஆட்டம் நின்னுச்சு. அளவு அப்படித்தான் சொல்லுது."

மையம் தூங்கவில்லை. வலைக்காரர் உட்கார்ந்த நிலையில் கணக்குக்குள் சேர்க்கப்பட்டார். 'அதிர்வு தணிப்பான், ஒன்று' என்று பெயர். படம் நீலமாக வந்தது. சரிபார்ப்பு அம்மாள் சரி என்றார், சம்பந்தி ஆமாம் என்றார், புதிய சான்றிதழ் பிறந்தது. தணிப்பான் இருப்பதால் வண்டிகள் தாராளமாகப் போகலாம். சுவரோரம் பெயின்ட்டால் ஒரு சதுரம் வரைந்து, காவலாளியும் இன்னொருவரும் அவரை அலுங்காமல் தூக்கி அதற்குள் வைத்தார்கள்.

"கொஞ்சம் ஒடுங்கி உக்காந்துக்குங்க சார். வண்டி போகணும்."

வண்டிகள் போயின. பாலம் ஆடியது. வலைக்காரரும் கூடவே ஆடினார்.

எழுந்து போய்விட்டால் என்ன என்று கேட்டார். போனால் பழைய சான்றிதழ் செல்லும், பாலம் திறந்திருக்கும் என்றார்கள். உட்கார்ந்தால்? புதிய சான்றிதழ் செல்லும், பாலம் திறந்திருக்கும். கம்பெனி பெருந்தன்மையாக அவரை அங்கேயே பணியமர்த்திவிட்டது. பாலம் பூட்டிய பிறகு வீட்டுக்குப் போகலாம், காலையில் வந்துவிட வேண்டும். மையத்திலிருந்து ஒருவர் தினமும் தராசோடு வந்து அவரை நிறுத்துப் பார்த்தார். கணக்கில் உள்ள எடை குறையக்கூடாதாம்.

"இன்னிக்குக் கொஞ்சம் இளைச்சிருக்கீங்க. நல்லா சாப்பிடுங்க சார், உங்களை நம்பித்தான் பாலமே இருக்கு."

நல்லா சாப்பிட்டார். வண்டிக்காரப் பெண்கள் போகும்போது ஒரு கரண்டி அதிகமாகவே வைத்தார்கள். நாள் முழுக்க எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்கெல்லாம் அவரை யாரும் கவனிப்பதில்லை. ஒரு நோயாளி அவர்மேல் செருப்பைக் கழற்றி வைக்கப் போய், மன்னிப்புக் கேட்டார். வலைக்காரரும் கேட்டார்.

கட்டுக் கையோடு மனைவி வந்தாள். அன்றுதான் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சதுரத்தையும் அதற்குள் இருந்த புருஷனையும் பார்த்தாள்.

"வீட்டுக்கு வாங்க."

"நான் வந்தாலும் வண்டி ஓடும், வராட்டியும் ஓடும்," என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே.

"அப்ப எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"தெரியல."

அவள் பையைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் தள்ளுங்க," என்று சொல்லி, நல்ல கையைச் சுவரில் ஊன்றிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தராசுக்காரர் அலறினார். தொலைபேசியில் தகவல் பறந்தது. மெய்ப்பார்ப்புப் பெரியவர் வந்து சேர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. பின்னாலேயே கட்டட இஞ்சினியரும் என்ன கலாட்டா என்று பார்க்க வந்து நின்றார்.

"அம்மா, எழுந்திரிங்க. ஒருத்தர் உட்காரத்தான் கணக்கு இருக்கு."

"நடந்து போறவங்களுக்கு?"

"அதுக்குத் தனியா இருக்கு."

"ரெண்டு பேர் உட்கார்ந்தா?"

"அதுக்கு இல்லம்மா. புதுசா போடணும். சரிபார்ப்பு, மெய்ப்பார்ப்பு எல்லாம் வரிசையில வரணும். மாசக்கணக்கா ஆகும்."

"ஆகட்டும். நான் இருக்கேன். எனக்கு இப்ப வேலை இல்ல. அதுவரைக்கும் இந்தப் பாலம் சரியா, தப்பா?"

பெரியவர் நேர்மையான மனிதர். சான்றிதழ் இல்லாத ஒன்றைச் சரி என்று அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அதுவரைக்கும்... சந்தேகம்தாம்மா," என்றார்.

கட்டட இஞ்சினியர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. படியில் இறங்கி ஓடினார். பாலத்தின் இரண்டு வாசலிலும் சங்கிலி போட்டார்கள். கீழே பலகையைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது, பிறகு தரையை உடைக்கிற சத்தம். தலைமை மருத்துவர் மர நிழலில் நின்று ஏதோ ஆட்சேபித்தார். சாயங்காலத்துக்குள் இரும்புக் கால் நிமிர்ந்து, பாலத்தின் அடிவயிற்றில் போய் முட்டி நின்றது. வேலை உண்மையிலேயே ஒரு மதியம்தான்.

"போலாமா?" என்றாள் மனைவி.

வலைக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே எதுவுமே இல்லாதது போல இருந்தது. அவள் இடது கையைக் கொடுத்தாள். பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் இறங்கி, தொடையிலிருந்து பாதம் வரை ஊசி ஊசியாகக் குத்த ஆரம்பித்தது. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, சின்னப் பிள்ளையைப் போல வாய்விட்டு அழுதார்.

"என்னங்க, கால் வலிக்குதா?"

"உன் கை," என்றார்.